பத்துக்கு எத்தனை?

அத்தியாயம் 14

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரே பல் லேபில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் போய் வரும் ஓரகத்திகள் இரண்டு பேர் நான்கு நாள் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சின்னவள் மறந்து வைத்துவிட்டுப் போன படிவத்தை மூத்தவள் பார்த்ததிலிருந்து வீட்டில் இந்தக் கதிதான்.

படிவம் லேபில் எல்லோருக்கும் கொடுத்தது, வருஷா வருஷம் வருவது. 'உங்களை நீங்களே மதிப்பிடுங்கள்' என்று தலைப்பு. நிறைகளுக்கு மூன்று வரி, குறைகளுக்கு மூன்று வரி, கடைசியில் பத்துக்கு எத்தனை என்று ஒரு கட்டம். இந்த வருஷம் அதற்குத் தனி மவுசு. முதலாளி இரண்டாவது லேப் திறக்கிறார். அங்கே முன்பல் பிரிவுக்குப் பொறுப்பாளர் யார் என்பதை இந்தப் படிவங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். புது லேப் இவர்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு.

சின்னவள் அந்தக் கட்டத்தில் ஒன்பது என்று போட்டிருந்தாள். அதுவும் பேனாவில்.

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால், மெழுகை எவ்வளவு சூடு பண்ணுவது என்று தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டு நின்றவள் அவள். லேபில் சேர்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து வேலை கற்றுக் கொடுத்தது இவள். பதினோரு வருஷமாக இவளே ஐந்துக்கு மேல் போட்டதில்லை. நேற்று வந்தவள் ஒன்பது என்றால் என் கணக்கு என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டாள். காரணம் தெரியாமல் சின்னவளும் நிறுத்திக்கொண்டாள்.

இன்று வியாழன். நான்கு மணிக்குள் படிவம் மேனேஜர் மேஜைக்குப் போயாக வேண்டும்.

"இன்னும் எழுதி முடிக்கலையா?" டீயை எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார் மூத்தவளின் வீட்டுக்காரர். லிப்ட் மெக்கானிக். காலை டீ அவர் பொறுப்பு.

"முடிச்சாச்சு. அஞ்சு."

"பென்சில்ல இருக்கு?"

"எப்பவும் பென்சில்லதான் போடுவேன். மேனேஜர் பாத்து ஏத்திப் போடுவாரு. நம்மளப் பத்தி நாமளே பெருசா எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"பதினோரு வருஷத்துல எத்தனை தடவ ஏத்தினாரு?"

"ஏத்தியிருப்பாரு. அதெல்லாம் கூப்பிட்டா சொல்லுவாங்க?"

அவர் தாளை இழுத்துப் பார்த்தார். நிறைகள் என்ற இடத்தில் 'நேரத்துக்கு வருவேன்' என்று ஒரு வரி. குறைகள் மூன்று வரியில் அடங்காமல் ஓரமெல்லாம் வழிந்து தாளின் பின்பக்கம் போயிருந்தன.

"அடேயப்பா. இதப் படிச்சா உன்ன வேலைய விட்டே தூக்கிடுவாங்க போலிருக்கே" என்றார். "நான் இந்த டீக்கு எனக்குப் பத்துக்குப் பத்து போட்டுக்கிறேன். அழிக்கிறவங்க அழிச்சுக்கட்டும்."

டீயில் சர்க்கரை இல்லை. மூத்தவள் சொல்லாமல் குடித்தாள்.

உள்ளுக்குள் அவளுக்கு வேறொரு நியாயமும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவளின் குட்டிக்கு மூன்று வயது. கொழுந்தன் கப்பல் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். புது லேப் கிடைத்தால் சின்னவள் மத்தியானம் ஓடிவந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். தன் மகனோ விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவளுக்கே கிடைக்கட்டும், நமக்கென்ன. இப்படி நினைத்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தில் பெருந்தன்மை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் குட்டி வழக்கம்போல் சின்னவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. மூத்தவள் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் வேலை பார்ப்பது டென்டல் லேபில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, உடைந்த பல்லுக்கும் தேய்ந்த பல்லுக்கும் மேலே மாட்டும் கேப் செய்கிற இடம். முன்பல் என்றால் மூத்தவள்தான். பீங்கான் மாவைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு அடுக்கி, அடுப்பில் சுட்டெடுத்து, பளிங்கு மாதிரி ஒரு பல்லைக் கொண்டுவருவாள். லேபில் அவளுக்கு 'முன்பல் அக்கா' என்றே பெயர். ஆனால் அந்தப் பற்கள் யார் வாயில் போய் உட்கார்ந்தன, எப்படி இருந்தன என்று அவள் பார்த்ததில்லை. டப்பியில் போட்டு டாக்டருக்கு அனுப்பியதோடு சரி.

திரும்பி வருபவை மட்டும் அவளிடம் இருந்தன. நிறம் சேரவில்லை, இறுக்கமாக இருக்கிறது, விளிம்பு உடைந்துவிட்டது என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பும் கேப்புகள். மற்றவர்கள் அவற்றைக் குப்பையில் போடுவார்கள். இவள் ஒன்றுவிடாமல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். படிவம் வரும் நாளில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் தனக்கு மார்க் போடுவாள்.

இன்றும் மூடியைத் திறந்தாள். விரலால் கிளறினாள். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஐந்துகூட அதிகமோ என்று தோன்றியது. குறைகளில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்.

"அக்கா, ஆள் வந்திருக்காங்க. முன்பல்லு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

சிக்கலான முன்பல் என்றால் இப்போதெல்லாம் டாக்டர்கள் ஆளையே லேபுக்கு அனுப்பிவிடுகிறார்கள், நேரில் பார்த்து நிறம் எடுக்க. வந்தவர் ஒரு பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்கியது. மேலே வலது முன்பல்லை டாக்டர் தேய்த்துச் சிறிதாக்கி, தற்காலிகமாக ஒரு மூடி போட்டிருந்தார்.

"பந்து பட்டுடுச்சா டீச்சர்?" என்றாள் மூத்தவள்.

"பந்துன்னா பெருமையாச் சொல்லிக்கலாமே. ஸ்டோர் ரூம் கதவு."

டாக்டரின் கடிதத்தை வாங்கி மூத்தவள் படிவத்தின் மேல் வைத்தாள். வழக்கமாக முதல் வேலை அதைப் பிரித்துப் படிப்பது. இன்று மனசு கட்டத்தில் இருந்த ஐந்தில் மாட்டிக்கொண்டிருந்தது. டீச்சரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார வைத்தாள். மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த ஷேடு கைடை எடுத்து, இடது முன்பல்லின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். வலதுக்கு ஜோடி இடதுதானே.

பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. நான்கு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது.

"டீச்சர், உங்க இந்த இடது பல்லு ரொம்ப அழகு. இப்படி ஒரு பல்ல நான் பாத்து நாளாச்சு" என்றாள். "நுனியில லேசா நீலம் ஓடுது பாருங்க. நடுவுல பால் தெறிச்ச மாதிரி ஒரு கீத்து. மனுஷக் கையால இதச் செய்ய முடியாது. என்னால முடிஞ்ச வரைக்கும் பக்கத்துல கொண்டு வரப் பாக்குறேன். அச்சு அசலா வரும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க."

டீச்சர் வாயைத் திறந்தபடியே சிரிக்க முயன்று, பிறகு மூடிக்கொண்டு சிரித்தார்.

"டாக்டர் எழுதலையா? இது கேப்புங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அசல் பல்லப் பந்து உடைச்சுடுச்சு."

மூத்தவளின் கை அப்படியே நின்றது. "கேப்பா? எந்த லேப்ல செஞ்சது?"

"கார்டு கொண்டு வந்திருக்கேன், டாக்டர் கேட்டாரேன்னு." பையிலிருந்து மடங்கிக் கசங்கிய ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அட்டையில் இந்த லேபின் பெயர்தான் இருந்தது. தேதி, பல்லின் இடம், கீழே: 'செய்தவர் எண்: 4'.

லேபில் நான்காம் எண் ஒருவருக்குத்தான். அது அவள் படிவத்தின் தலையிலும் இருந்தது.

டீச்சருக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "இது கேப்புன்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முந்தி போட்டது. எந்தப் புண்ணியவதி செஞ்சாங்களோ, அவங்களே இதையும் செஞ்சா நல்லாருக்கும்னுதான் டாக்டர் இங்க அனுப்பினாரு."

"செய்வாங்க" என்றாள் மூத்தவள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கோரைப்பல்லையும் கீழ்ப்பற்களையும் பார்த்து மறுபடி முதலிலிருந்து நிறம் எடுத்தாள். திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினாள்.

வாசகர்களில் யாராவது இந்நேரம் அவள் துள்ளிக் குதித்திருப்பாள் என்று நினைத்தால், அவர்கள் இந்தப் பெண்ணைப் பதின்மூன்று வாரமாகச் சரியாகக் கவனிக்கவில்லை. மூத்தவள் நேரே தன் இடத்துக்கு வந்து, டாக்டரின் கடிதத்தைப் பிரித்தாள். முதல் வரியிலேயே எழுதியிருந்தது: இடது முன்பல் கேப். அவள் பென்சிலை எடுத்தாள். குறைகளின் கடைசியில் எழுத ஆரம்பித்தாள்.

பக்கத்து மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். நான்கு நாள் மௌன விரதம் அதோடு முடிந்தது.

"அக்கா, என்ன எழுதுறீங்க?"

"கடிதத்தப் படிக்காம நிறம் எடுத்துட்டேன். கேப்ப வச்சு நிறம் எடுக்கவே கூடாது, பொறந்த பல்ல வச்சுத்தான் எடுக்கணும். இது முத நாள் பாடம். செஞ்ச பல்லா பொறந்த பல்லான்னு கூட எனக்குத் தெரியல பாரு."

"நீங்க செஞ்ச பல்லுக்கா அது."

"அதனால என்ன? தப்பு தப்புதான்."

சின்னவள் தன் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "கடிதம் படிக்காதது தப்பு. எழுதுங்க. ஆனா நீங்க ஏமாந்தது எதனால? மனுஷக் கையால முடியாதுன்னு சொன்னீங்களே, அது யாரு கை?"

மூத்தவளின் பென்சில் நின்றுவிட்டது.

"இந்த டப்பாவ வச்சுக்கிட்டுத்தான் வருஷா வருஷம் மார்க் போடுறீங்க. நானும் நாலு வருஷமாப் பாக்குறேன். சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நல்லா வந்ததெல்லாம் ஊர்ல யார் யார் வாயிலயோ சிரிச்சுக்கிட்டு இருக்கு. நல்லா வராததுதான் உங்க இழுப்பறைக்குத் திரும்பி வருது. இத மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் அஞ்சுக்கு மேல போட மனசு வரும்?"

மூத்தவள் டப்பாவைப் பார்த்தாள். பதினோரு வருஷம். நாள் ஒன்றுக்கு இரண்டு, மூன்று பல். ஆயிரக்கணக்கில் போயிருக்கும். போனவற்றில் ஒன்றைத்தான் இன்று முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தாள். அதையும் யாருடையதோ என்று பார்த்தாள். யாருடையதோ என்று நினைத்ததால்தான் மனசு விட்டுப் பாராட்ட முடிந்தது என்பது இப்போது உறைத்தது. டப்பாவை மூடினாள்.

"நீ ஒன்பது போட்டிருந்தியே" என்றாள் கடைசியில். "நான் பாத்தேன்."

"அதுக்குத்தான் இந்த நாலு நாள் கோவமா?" சின்னவளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "அக்கா, எனக்குப் பாடம் சொன்னது யாரு? சுட்டா சுருங்கும், அதனால அஞ்சுல ஒரு பங்கு பெருசாக் கட்டுன்னு சொன்னது நீங்கதானே. நான் ஏழு, ஏழரை தேறுவேன். மேனேஜர் சுட்டுச் சுருக்குவாரேன்னு ஒன்பதாக் கட்டியிருக்கேன். நீங்க கட்டும்போதே சுருக்கிக் கட்டுனா, அடுப்புலேந்து என்ன வெளிய வரும்?"

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் வந்ததால் அது சிரிப்பு மாதிரி இல்லை.

"இன்னொண்ணு" என்றாள் சின்னவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நீங்க அஞ்சு, அஞ்சுன்னு போடும்போது எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? அஞ்சு மார்க் ஆள்கிட்ட வேலை கத்துக்கிட்டேன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய சொல்றது?"

இது மூத்தவள் எதிர்பார்க்காத அடி. தன்னைக் குறைத்துக்கொண்டால் குறைவது தான் மட்டும்தான், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். இத்தன வருஷம் நான் போட்ட மார்க்க நீங்க ஏத்திப் போட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா ஏத்தணும்? உங்களை நீங்களே மதிப்பிடுங்கள்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே."

"அப்ப அஞ்சு அஞ்சாவே போச்சா?"

"அப்படியேதான். உங்களுக்குப் பொறுப்பு எடுத்துக்க விருப்பமில்ல, வீட்ட வேற பாக்கணும், அதச் சொல்லாமச் சொல்றீங்கன்னு நெனச்சேன். முதலாளி ரெண்டு தடவ உங்க பேர எடுத்தாரு. நான்தான் அவங்க ஒத்துக்க மாட்டாங்க சார்னு சொன்னேன்." அவர் சாதாரணமாகச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது அவளுக்குச் செய்த உதவி.

இரண்டு தடவை. மூத்தவளுக்கு முதலில் அவர்மேல் கோபம் வந்தது. அது நிலைக்கவில்லை. இன்னொருவர் வந்து ஏற்றிவிடுவார் என்று பதினோரு வருஷம் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு காத்திருந்த தன்மேலேயே வந்த கோபம்தான் நிலைத்தது.

"உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க சார்."

நின்றபடியே தாளை மேஜை ஓரத்தில் வைத்து எழுதினாள். நிறைகளின் இரண்டாவது வரியில்: 'என் கையால் செய்த முன்பல்லை நானே பிறந்த பல் என்று நினைத்து ஏமாந்தேன்.' கட்டத்துக்கு வந்தாள். சுருக்கவும் வேண்டாம், பெரிதாகக் கட்டவும் வேண்டாம், வெந்து முடிந்த அளவு எவ்வளவோ அதைப் போடுவோம் என்று ஐந்தை அழித்துவிட்டு எட்டு என்று எழுதினாள்.

மேனேஜர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"அப்படின்னா விஷயம் மாறுதே. சின்னவங்க பேர் மட்டும்தான் பட்டியல்ல இருந்துச்சு, இப்ப ரெண்டு பேர் ஆயிடுச்சு. சனிக்கிழமை காலைல வாங்க, ரெண்டு பேரும். ஒரே அச்சுலேந்து ஆளுக்கொரு முன்பல். யார் செஞ்சதுன்னு பேர் இல்லாம முதலாளி முன்னாடி வைப்போம்."

சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு பேரும் நன்றாகவே பேசிக்கொண்டு வந்தார்கள். நான்கு நாள் பாக்கி இருந்தது. காப்பகத்திலிருந்து வீடு வரை குட்டி பெரியம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டு வந்தது. மேனேஜர் இருவரிடமும் சொல்லியிருந்த சனிக்கிழமையைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கவில்லை.

வீட்டில் லிப்ட் மெக்கானிக் கதவைத் திறந்ததும் கேட்டார். "எத்தனை?"

"எட்டு. பேனாவுல."

அவர் அவள் பையை வாங்கி வைத்தார். பிறகு, "காலைல டீல சர்க்கரை இல்ல, இல்லையா?" என்றார். "ஏன் சொல்லல?"

"இனிமே சொல்றேன்."

சமையலறையில் சின்னவள் பாத்திரம் கழுவ, மூத்தவள் துடைத்து அடுக்கினாள்.

"எட்டா போட்டீங்க?" என்றாள் சின்னவள் திரும்பாமல். "மிச்சம் ரெண்டு எங்க?"

"டப்பாவுல இருக்கு. தூக்கிப் போட மாட்டேன். அதுவும் நான் செஞ்சதுதான்."

சின்னவள் சிரித்தாள். குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு திரும்பியபோது சிரிப்பு போயிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமை எனக்காக, குட்டிக்காகன்னு நெனச்சுக்கிட்டு உங்க பல்ல வேணும்னே கொஞ்சம் கெடுத்துடாதீங்க. கெடுத்தா எனக்குத் தெரிஞ்சுடும். உங்க கை எனக்குத் தெரியும்."

மூத்தவள் தட்டை நிதானமாகத் துடைத்தாள்.

"காலைல வரைக்கும் உனக்கே விட்டுக்குடுக்குற எண்ணம் இருந்துச்சு" என்றாள்.

"இப்ப?"

"இப்ப இல்ல. சனிக்கிழமை உனக்குக் கிடைக்கணும்னா, என்னவிட நல்லாச் செய்."

தான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது சின்னவளுக்கு. சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து அக்காவிடம் அவளுக்குப் பாசம் இருந்திருக்கிறது, சலுகை இருந்திருக்கிறது, சில நாள் பரிதாபம்கூட இருந்திருக்கிறது. பயம் இன்றைக்குத்தான் வந்தது. கூடத்தில் குட்டி விழித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டது. அம்மாவையா பெரியம்மாவையா என்று தெரியாமல் இருவருமே ஒரே சமயத்தில் கையைத் துடைத்தார்கள்.